எப்போ காலி பண்றீங்க?

அத்தியாயம் பதினொன்று

ஒரே ஒரு வார்த்தை. அதற்காகப் பாகீரதி பெட்டி கட்டிவிட்டாள்.

போன வாரம் படித்தவர்கள் போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவர் காலமானபின் மாயவரத்து வாடகை வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு கொல்கத்தாவில் மகன் அபிநவ் வீட்டுக்கு வந்தவள் பாகீரதி. பெஹாலாவில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஆடியில் வந்தாள்; ஆவணியும் போய்ப் புரட்டாசி பிறந்தாயிற்று. அந்தப் பெட்டியை இன்னும் அவள் முழுசாகத் திறக்கவில்லை. மேலாக இருப்பதை எடுத்துக் கட்டிக்கொள்வாள், துவைத்து மடித்து அதிலேயே வைப்பாள், பூட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள். கேட்டால், "எனக்கு இது போறும்மா" என்பாள்.

மருமகள் ஸ்நேகாவுக்கு இது பொறுக்கவில்லை. பொறுக்காது, ஏனென்றால் அவள் தொழிலே அலமாரி. வீடு வீடாகப் போய், எந்தச் சுவரில் எத்தனை கதவு, எந்தத் தட்டு எந்த உயரம், எங்கே இழுப்பறை, எங்கே கண்ணாடி என்று வரைந்து கொடுக்கிறவள். ஊருக்கெல்லாம் அலமாரி, சொந்த மாமியாருக்குக் கட்டிலுக்கடியா? துர்கா பூஜைக்குப் புடவை வாங்கித் தருவதற்குப் பதிலாக, பாகீரதியின் அறையில் ஒரு முழுச்சுவர் அலமாரி கட்டிக் கதவைத் திறந்து காட்டிவிடுவது என்று ரகசியமாகத் தீர்மானித்தாள். மகாளயத்துக்கு முன்பே மரவேலை மிஸ்திரிகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அதனால் அவசரம்.

அந்த அவசரத்தில் ஒருநாள் காலை கேட்டாள். "மா, நீங்க எப்போ காலி பண்றீங்க? இந்த வாரத்துக்குள்ள பண்ணிட்டா நல்லா இருக்கும்."

அறையில் இருப்பதை எடுத்து வேறு பக்கம் வைத்தால் மிஸ்திரியை வரச் சொல்லலாம் என்பது அவள் மனசில். மிஸ்திரி என்ற வார்த்தையைத்தான் ரகசியம் என்று விழுங்கிவிட்டாளே. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண். லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து, பெங்காலியில் சண்டை போட்டு, பெங்காலியில் அழுது வளர்ந்தவள். அவள் தமிழில் காலி என்றால் வெறும் காலி. டப்பாவைக் காலி பண்ணுவதும் அறையைக் காலி பண்ணுவதும் அவளுக்கு ஒன்றுதான்.

வாடகை வீட்டில் ஆயுசைக் கழித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டுக்காரர் வாசலில் வந்து, உள்ளே வராமல், தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிற கேள்வி அது. பாகீரதி அதைக் கும்பகோணத்தில் கேட்டிருக்கிறாள், விருத்தாசலத்தில் கேட்டிருக்கிறாள், மாயவரத்தில் இரண்டு தெருக்களில் கேட்டிருக்கிறாள். இப்போது மகன் வீட்டில், மருமகள் வாயால், சிரித்த முகத்தோடு.

"பண்ணிடறேன்மா" என்றாள்.

அன்றைக்கே அபிநவிடம், நவராத்திரிக்குத் திருச்சியில் மகேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அபிநவ் நல்ல பிள்ளை. என்ன கேட்டாலும் சரி என்கிற அளவுக்கு நல்ல பிள்ளை. "சரிம்மா, டிக்கெட் போடட்டுமா?" என்றான், போட்டும்விட்டான். திரும்ப வருவதற்கு எப்போது போட வேண்டும் என்று கேட்டதற்கு, "அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். ஏம்மா என்று அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலையில்லை. ஸ்நேகாவோ, விஜயதசமி கழித்து அவள் திரும்பி வருவதற்குள் அலமாரி முடிந்துவிடும் என்ற குஷியில், "ரொம்ப நல்லதா போச்சு மா" என்று கைகொட்டினாள். அந்தக் கைகொட்டல் பாகீரதி காதில் இரண்டு நாளாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இன்று புதன்கிழமை. ராத்திரி வண்டி, ஹவுராவிலிருந்து.

*

காலையில் ஸ்நேகா ஜாதவ்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். ஒரு கல்லூரி ஆசிரியையின் வீடு. வழக்கம்போல முதலில் ஒன்றே ஒன்று கேட்டாள்: இருக்கிற எல்லாத் துணியையும் எடுத்துக் கட்டில் மேல் போடுங்கள். எல்லாவற்றையும், ஒன்று விடாமல். இது அவள் வழக்கம். குவியலைப் பார்க்காமல் அளவு டேப்பைத் தொடமாட்டாள். மனிதர்கள் தங்களிடம் இருப்பதாகச் சொல்வது ஒன்று, கட்டிலில் வந்து விழுவது வேறு.

ஆசிரியை துணியை வாரிப் போட்டுக்கொண்டிருக்க, ஸ்நேகா ஜன்னலோரம் நின்று வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு நடுவே இப்படிச் சொக்கிப்போவது அவளுக்கு உண்டு. மழை விட்டு வெயில் அடிக்க, வெளியே குளத்துத் தண்ணீரின் வெளிச்சம் மேற்கூரையில் அசைந்தது. சுவர் மெல்ல விலகுவது போலிருந்தது. உள்ளே தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு புடவை, ஒவ்வொரு புடவையும் ஒரு நாள். பச்சை ஒரு வெள்ளிக்கிழமை, மஞ்சள் யாருடைய கல்யாணமோ. கதவைத் திறந்தால் பாகீரதி உள்ளேயே நின்று கொண்டிருக்கிறாள், ஊரிலிருந்து வந்த நாள் உடுத்தியிருந்த அரக்குப் புடவையில், சிரித்துக்கொண்டு. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து ஸ்நேகா பார்த்ததேயில்லை.

மாமியாருக்கான அலமாரி மனசில் முழுசாக வரைந்தாகிவிட்டது. தேக்கு நிறம். கை எட்டும் உயரத்துக்கு மேல் எதுவும் கிடையாது. முழுக்க முழுக்கத் தட்டுகள், ஏனென்றால் புடவைதானே. ரகசியம் காக்க வேண்டி, இந்த ஒரு ஆளிடம் மட்டும் கட்டில் மேல் போடச் சொல்லவில்லை. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டாள்.

"துணி தொங்கவிடும் கம்பி எங்கே வரும்?" என்று ஆசிரியை கேட்டாள், பெங்காலியில்.

"எங்கே?" என்றாள் ஸ்நேகா, இன்னும் கனவிலிருந்து இறங்காமல்.

*

பெஹாலாவில் பாகீரதி மதியச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தன் அறைக்கு வந்தாள். தன் அறை என்று நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன. போன வாரமே கவனித்திருந்தாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சின்னச் சின்னதாக. ஆபீஸ் அறையாக்கப் போகிறார்கள் போலிருக்கிறது என்று எண்ணினாள். நியாயம்தானே. அந்தப் பெண் சாப்பாட்டு மேஜையில் அல்லவா உட்கார்ந்து வரைகிறது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானே ஹாலில் படுத்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்சம் படுத்தாள். தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் மேலே வந்து கலைந்துபோனது. கண் சொருகியது.

அவள் குடியிருந்த வாடகை வீடுகளிலெல்லாம் ஒரு சுவரலமாரி மட்டும் பூட்டியே இருக்கும். அதில் வீட்டுக்காரர் சாமான். சாவி தரமாட்டார்கள், தொடவும் கூடாது. பாதித் தூக்கத்தில் அந்த அலமாரிகள் எல்லாம் ஒரே வீட்டில் வரிசையாக நின்றன. பாகீரதி ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். எதிலும் பூட்டில்லை. ஒன்றைத் திறந்தால் உள்ளே காவிரிக் காற்று. இன்னொன்றைத் திறந்தால் மழை. கடைசியைத் திறக்கக் கை வைத்தபோது உள்ளிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். யார் என்று பார்க்க எட்டிப் பார்த்தாள், அவளேதான் உள்ளே உட்கார்ந்திருந்தாள். எழுந்து வா என்று கூப்பிட்டதற்கு, இது யாரோட அலமாரி, வரலாமா என்று கேட்டாள் உள்ளே இருந்தவள்.

விழித்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. எழுந்து முகம் கழுவி, பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வாசல் பக்கம் வைத்தாள். பிறகு சொல்லிக்கொள்வதற்காகக் கீழ்மாடிக்கு இறங்கினாள்.

கீழ்மாடியில் கல்பனா மாஷிமா. மாஷிமா என்றால் சித்தி, பெரியம்மா மாதிரி. இந்த ஊரில் பக்கத்து வீட்டு அம்மாக்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போய் இருவருக்கும் சிநேகம். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, ஒருத்திக்குப் பெங்காலி தெரியாது, இருவருக்கும் ஹிந்தி அரைகுறை. இரண்டு மாதமாக அதிலேயே மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெங்காலி வார்த்தைகளைக் கல்பனா சொல்லிக்கொடுத்திருந்தாள். அதில் முதல் பாடம் இது: கிளம்பும்போது 'ஜாச்சி' என்று சொல்லக் கூடாது. ஜாச்சி என்றால் போகிறேன். 'ஆஷி' என்றுதான் சொல்ல வேண்டும். ஆஷி என்றால் வருகிறேன். கேட்டதும் பாகீரதிக்கு ஒரே சந்தோஷம். எங்க ஊரிலும் இதே கதைதான், போறேன்னு சொன்னா அடிக்க வருவா, போயிட்டு வரேன்னுதான் சொல்லணும் என்று அபிநயம் பிடித்துக் காட்டியிருந்தாள்.

இன்று கல்பனா கொடுத்த சந்தேஷ் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜாச்சி" என்றாள்.

கல்பனா சிரித்தபடி திருத்தினாள். "ஆஷி."

பாகீரதி தலையசைத்தாள். "ஜாச்சி" என்று மறுபடி சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறிப் போனாள்.

*

ஸ்நேகாவின் போன் அடித்தபோது அவள் ஜாதவ்பூர் வீட்டில் குவியலை அளந்து முடித்திருந்தாள்.

"ஏம்மா, உன் மாமியார் ஊரிலிருந்து திரும்பி வருவாள் இல்லையா?" என்று கல்பனா பெங்காலியில் கேட்டாள்.

"வருவாங்களே மாஷிமா. நவராத்திரி முடிஞ்சு."

"என்கிட்டே ஜாச்சின்னு சொல்லிட்டுப் போறா. நான் திருத்தினேன். மறுபடியும் அதையே சொன்னா. தெரியாம சொல்லலை."

தமிழில் சொல்லியிருந்தால் ஸ்நேகாவுக்கு உறைத்திருக்குமோ என்னவோ. பெங்காலியில் சொன்னது உடனே உறைத்தது. அவள் தாத்தா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதுகூட ஆஷி என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மனுஷி, தெரிந்தே, இரண்டு தரம் ஜாச்சி என்கிறாள்.

டேப்பைப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினாள். ஷேர் ஆட்டோவில் டாலிகஞ்ச், அங்கிருந்து இன்னொரு ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் பூஜைக்குத் துணி எடுக்கிற கூட்டம். என்ன பண்ணினேன், என்ன சொன்னேன் என்று ஒவ்வொரு நாளாகப் புரட்டினாள். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோக்காரர் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டுப் பக்கத்திலிருந்த ஆளிடம் தன் வாடகை வீட்டுச் சண்டையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தார். வீட்டுக்காரன் தினம் வந்து நிற்கிறானாம். எப்போது காலி செய்கிறாய், எப்போது காலி செய்கிறாய் என்று.

ஸ்நேகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் பெங்காலியில்தான் சொன்னார். ஆனாலும் தன் குரல் தமிழில் கேட்டது.

*

பாகீரதி ஹாலில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, பொட்டு வைத்து, பயணத்துக்கு உடுத்திக்கொண்டு, மடியில் கைப்பை. பக்கத்தில் பெட்டி. ஸ்நேகா சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

"நனைஞ்சுட்டியே, தலையைத் துவட்டு" என்று எழுந்தாள் பாகீரதி.

"மா, உக்காருங்க. நான் அன்னிக்கு என்ன கேட்டேன்? எப்போ காலி பண்றீங்கன்னு கேட்டேன். நீங்க என்ன நினைச்சீங்க?"

பாகீரதி கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"வீட்டை விட்டுப் போங்கன்னு சொன்னேன்னு நினைச்சீங்களா?"

"அதுக்கு வேற அர்த்தம் இருக்கா என்ன?"

ஸ்நேகா அவள் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். சுவரெதிரே நிறுத்தினாள். வார்த்தை வராமல் தடுமாறி, தமிழும் பெங்காலியுமாகக் கொட்டினாள். இதோ இந்தக் கோடு உங்க தோள் உயரம். நீங்க துணி உலர்த்தும்போது திருட்டுத்தனமா அளந்தேன். இது கை எட்டற இடம். இதுக்கு மேல ஒண்ணும் வராது, நீங்க ஸ்டூல் போட்டு ஏறக் கூடாது. இங்கேர்ந்து இங்க வரை கதவு. சாவி உங்ககிட்டே மட்டும். ரூமைத்தான் மா காலி பண்ணச் சொன்னேன், மிஸ்திரிக்காக. உங்களை இல்லை. உங்களைப் போய் நான் அப்படிச் சொல்லுவேனா? சொல்லும்போதே அழுதுவிட்டாள், சின்னப் பெண் மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பாகீரதி பென்சில் கோட்டின் மேல் விரலை வைத்தாள். சரியாகத் தோள் உயரம்தான். அந்த வெறும் சுவரில் என்ன தெரிந்ததோ, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலில் மழை வெளிச்சம், சுவரில் நிழலாக வழிந்துகொண்டிருந்தது.

"அசடு" என்றாள் கடைசியில். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

"போகாதீங்க மா."

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீ தப்பா நினைச்சுக்கப் படாது. அன்னிக்கு நீ அப்படிக் கேட்டதும் நேக்கு அழுகையா வந்தது. ஆனா அடியில ஒரு நிம்மதியும் இருந்தது. போன்னு சொன்னா போறது நேக்குப் பழக்கம். பெட்டி கட்டத் தெரியும், வண்டி ஏறத் தெரியும். இருன்னு சொன்னாத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை. இங்கே வந்து ரெண்டு மாசமா அதுதான் என் கஷ்டம்."

ஸ்நேகாவுக்கு இந்தத் தமிழ் முழுக்கப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று அவளுக்கே தெரியாது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹாலுக்குப் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்து கட்டில் பக்கம் வைத்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துக் கட்டில் மேல போடுங்க" என்றாள். "ஒண்ணு விடாம. நான் பார்க்கணும். உங்ககிட்டே மட்டும்தான் பார்க்காம வரைஞ்சேன்."

"வண்டிக்கு நேரமாச்சே."

"ஆகட்டும்."

பாகீரதி மருமகளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். சாவியை இடுப்பிலிருந்து எடுத்தாள். புடவைகள் வந்தன, ஸ்நேகா எதிர்பார்த்தபடி. ஸ்வெட்டர் வந்தது. ரவிக்கைகள், துண்டு, ஒரு சால்வை. பெட்டி முடிந்துவிட்டது என்றுதான் ஸ்நேகா நினைத்தாள். பாகீரதி கையை அடிவரை விட்டு, பழைய வேட்டியில் சுற்றிய ஒன்றை மெதுவாக வெளியே எடுத்துப் பிரித்தாள். அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. கறுப்புத் துணி. தோள்களைப் பிடித்து அவள் உதறியதும் அது தரையைத் தொடுகிற நீளத்துக்கு இறங்கியது. அகலக் கைகள், கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை.

"இது கவுன் இல்லையா? வக்கீல் கவுன்? யாரோடது? அபியோட அப்பாவோடதா?"

"அவர் போஸ்ட் ஆபீஸ்லன்னா இருந்தார். என்னோடது."

ஸ்நேகா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பி.எல். படிச்சேன். கும்பகோணம் கோர்ட்டுக்கு மூணு வருஷம் போனேன். நன்னாத்தான் பேசுவேன்னு சொல்லுவா. அபி பொறந்தான், இவருக்கு மாத்தல் வந்தது, காலி பண்ணினோம். அடுத்த ஊர்ல ஆரம்பிக்கலாம்னு பெட்டியில வச்சேன். அதுக்கடுத்த ஊர்ல ஆரம்பிக்கலாம்னு நினைச்சேன். யாரும் என்னைக் கோர்ட்டுக்குப் போகாதேன்னு சொல்லலை. நானாத்தான் வச்சுண்டே இருந்தேன்." துணியின் நடுவில் விரலை ஓட்டினாள். அங்கே நூல் விட்டுப்போய் வெளிச்சம் தெரிந்தது. "மடிச்ச எடத்துல நைஞ்சுண்டு வரது பாரு. இதை மடிக்கப் படாது. தொங்கவிடணும்."

ஸ்நேகா எழுந்து சுவருக்குப் போனாள். பையிலிருந்து அழிரப்பரை எடுத்து, நடுவிலிருந்த தட்டுக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தாள். மேலிருந்து கீழ்வரை அழித்தாள். பாகீரதி கவுனைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் உண்டாயிற்று. அதில் கவுனை வைத்துப் பார்க்கச் சொன்னாள் ஸ்நேகா. வைத்துப் பார்த்தார்கள். சரியாக இருந்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது. அபிநவ், ஆபீஸ் பையோடு, மூச்சு வாங்க நின்றான்.

"அம்மா, ரெடியா? கார் கீழே நிக்கறது. பூஜோ கூட்டம், இப்பவே கிளம்பினாத்தான் ஹவுராவைப் பிடிக்க முடியும்." கட்டில் மேல் குவிந்திருந்த துணியையும், அழுது சிவந்த மனைவியையும், சுவரோரம் கறுப்புக் கவுனோடு நிற்கிற அம்மாவையும் பார்த்தான். "இது என்னம்மா?"

கீழே டிரைவர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார். யாரும் நகரவில்லை.

"அபி," என்றாள் பாகீரதி, "அலிப்பூர் கோர்ட்டுக்கு இங்கேர்ந்து எந்த பஸ் போறது?"